அம்சம் வீட்டு ஆடு

அம்சத்துக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். மற்றவர்களுக்கு என்றால் கை நடுங்கும், நாக்கு உலரும். அவளுக்கோ அடிவயிற்றிலிருந்து குபுக்கென்று சிரிப்பு கிளம்பும். முந்தானையால் வாயைப் பொத்தினாலும் மூக்கு வழியாக வந்துவிடும். தாலி கட்டும்போது சிரித்தாள். தன் மூக்கைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று எண்ணிக் காத்தான் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புயலில் கூரை பிய்த்துக்கொண்டு போன அன்று சிரித்தாள். கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக மிராசுதார் துரைராசு எல்லோரையும் களத்தில் நிறுத்திவைத்துத் திட்டினாரே, அன்றும் சிரித்துத் தொலைத்தாள். அந்த ஒரு சிரிப்புக்காக அந்த அறுவடை முழுக்க அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. வெளியூர்க்காரர்கள் அவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். காத்தானுக்குத்தான் விஷயம் தெரியும். அவள் சிரிக்கிற சத்தம் கேட்டால் எந்த வரப்பில் நின்றாலும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "யாரு வந்தா?" என்றுதான் கேட்பான்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே புன்னைத்திடலில், துரைராசுவின் தென்னந்தோப்பு ஓரத்தில் அவள் குடிசை இருந்தது. நடவு, களை, அறுப்பு எல்லாம் மற்றப் பெண்களைப் போலத்தான் செய்வாள். ஆனால் நாலு ஊருக்கு அவள் பெயர் தெரிந்தது செம்மறி ஆட்டால்தான். ஈன முடியாமல் முக்குகிற ஆடு, பிறந்து மூச்சு விடாத குட்டி, பெற்ற குட்டியையே உதைத்துத் தள்ளுகிற தாய், எதுவானாலும் "அம்சத்தைக் கூப்பிடு" என்பார்கள். குட்டி விழுந்தவுடன் வைக்கோலால் மூக்கையும் வாயையும் வழித்துவிட்டு, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஓர் ஆட்டு ஆட்டுவாள். தும்மல் வந்தால் குட்டி பிழைத்தது. தொப்புளுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைப்பாள். காம்பின் முதல் பீச்சலை மண்ணில் விட்டு அடைப்பைப் போக்கிய பிறகுதான் குட்டியின் வாயை வைப்பாள். வயிற்றுக்குள் சீம்பால் போகிறவரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள். மிராசுதாரே கூப்பிட்டாலும் சரி, மழையே கொட்டினாலும் சரி. தாய்க்குச் சுக்கும் வெல்லமும் போட்ட கஞ்சி, அப்புறம் ஒரு கட்டு அகத்திக்கீரை. பனி விழுகிற மாசி மாதத்தில் குட்டிகளைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடித் தன் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வாள்.

"ஒம்புருசன் கால்மாட்டுல, ஆட்டுக்குட்டி தலைமாட்டுல. நல்ல குடும்பம்க்கா" என்று பக்கத்து வீட்டுச் செவ்வந்தி கேலி செய்வாள்.

"குட்டி கொறட்டை விடாதுல்ல" என்பாள் அம்சம்.

ஆறு தாயாடுகள் அவளிடம் இருந்தன. அவற்றுக்கெல்லாம் மகாராணி ராங்கி. பெயரை யாரும் யோசித்து வைக்கவில்லை. அது நடக்கிற நடையைப் பார்த்துத் தானாக வந்த பெயர் அது. மற்ற ஆடுகள் பூவரசந்தழைக்கு முட்டி மோதும். ராங்கி ஒதுங்கி நின்று, அம்சம் கையில் எடுத்து நீட்டினால்தான் தின்னும். குட்டி போடும், ஆனால் போட்ட குட்டியை ஏறெடுத்துப் பார்க்காது. பால் குடிக்க வந்தால் ஓர் உதை. ஒவ்வோர் ஈற்றுக்கும் இதே கூத்துத்தான். அம்சம் குட்டியின் முதுகில் உப்புத் தண்ணீரைத் தடவி ராங்கியின் மூஞ்சிக்கு நேரே பிடிப்பாள். உப்புக்கு ஆசைப்பட்டு ராங்கி நக்கும். நக்க நக்க, அடடே இது நம் பிள்ளைதானோ என்று அதற்கு மெல்லச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் வருகிற நேரம் பார்த்து அதன் தலையைத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "நீ என்னாடி பெரிய சீமாட்டியா? நாங்க பெக்கலையா? நாங்க பால் குடுக்கலையா?" என்று காதோரம் ஏசிக்கொண்டே இருப்பாள். அந்த ஏச்சு காதில் விழுந்தால்தான் ராங்கிக்கு மடி சுரக்கும். வேறு யார் ஏசினாலும் சுரக்காது. செவ்வந்தி ஒருமுறை ஏசிப் பார்த்துக் கைமூட்டில் உதை வாங்கினாள்.

இந்த ராங்கியை வைத்து அம்சத்துக்கும் துரைராசுவுக்கும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, ஆடு வளர்ப்பது என்று ஒரு முறை உண்டு. ஆட்டுக்காரர் ஒரு பெட்டையைக் கொடுப்பார்; அது போடும் தலையீற்று ஆட்டுக்காரருக்கு, அடுத்த ஈற்று வளர்ப்பவருக்கு, இப்படி மாறி மாறிப் போகும். தாய் எப்போதும் ஆட்டுக்காரர் சொத்து. ஆட்சி மாறிய தேர்தல் வருஷத்தில் துரைராசு அவளிடம் ஒரு மொட்டைக்காதுப் பெட்டையை விட்டார். தலையீற்றில் ஒரு கிடா. அது துரைராசு வீட்டுக் காதுகுத்துக்குக் குழம்பாகிவிட்டது. இரண்டாவது ஈற்று ராங்கி. முறைப்படி அது அம்சத்துக்கு. ஆனால் தின்ற கறி யாருக்கு நினைவிருக்கும்? "எந்தக் கிடா? எனக்குத் தெரிஞ்சு இந்தப் பெட்டைதான் தலையீத்து. இது என் ஆடு" என்று வருஷம் தவறாமல் ஒரு தடவை தோப்பிலிருந்து குரல் கொடுப்பார். "காதுகுத்துல தின்னீங்களே, எலும்பு பல்லுல மாட்டலையா?" என்று அம்சம் முணுமுணுப்பாள். அவருக்குக் கேட்காத தூரத்தில்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சட்டம் வந்தது. நிலம் யாருடையதாக இருந்தாலும், சட்டம் வந்த நாளில் அதில் குடியிருந்த விவசாயக் கூலிக்கே அந்த மனை சொந்தம் என்றது சட்டம். தெற்குத்தெருவில் செங்கொடி ஏற்றி, வெடி வெடித்து, வெல்லம் கொடுத்தார்கள். மிராசுதார்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. துரைராசு மறு வாரமே கரை வேட்டிக்கு மாறினார். வேட்டிக்குக் கறுப்பும் சிவப்புமாகக் கரை முளைத்ததே தவிர, மனசு பழைய மனசுதான். தெருக்காரர்கள் எல்லோருக்கும் ஒவ்வொன்றாகப் பட்டா வந்தது. அம்சத்துக்கு மட்டும் வரவில்லை. அவள் குடிசை இருந்த இடம் தோப்போடு ஒட்டிய இடம். அதை விட்டுக்கொடுக்கத் துரைராசுவுக்கு மனமில்லை. "அது வீடே இல்லை, என் ஆட்டுக் கொட்டகை. அம்சம் தெருவில் மாமனார் வீட்டில் இருந்தவள். சட்டம் வந்ததைக் கேள்விப்பட்டுப் போன தைக்குத்தான் அங்கே அடுப்பு வைத்தாள்" என்று மனு எழுதிப் போட்டுவிட்டார்.

ஓட்டர் லிஸ்டில் தெருவின் பெயர் இருந்ததே ஒழிய, தெருவில் இருந்தாளா தோப்போரத்தில் இருந்தாளா என்று அதில் இல்லை. பதினாறு வருஷமாக அந்தக் குடிசையில் இருக்கிறாள். இரண்டு பெண்பிள்ளைகளை அங்கேதான் பெற்றாள், அங்கிருந்துதான் கட்டிக்கொடுத்தாள். மனை போனால் காத்தானும் அவளும் ஆறு ஆடுகளும் ரோட்டில்தான் நிற்க வேண்டும். விசாரணைக்கு அதிகாரி நேரில் வருவார் என்று மாசி முதல் வாரத்தில் தகவல் வந்தது. அன்றிலிருந்து அம்சம் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"கொட்டகைன்னு சொல்லியிருக்காருல்ல, வீடுன்னு காட்டிப்புடுவோம்" என்று புடவையை இழுத்துச் செருகினாள் செவ்வந்தி. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். புகையேறிக் கறுத்திருந்த கூரையைப் பிரித்து எரித்துவிட்டுப் புதுக் கீற்று வேய்ந்தார்கள். சுவருக்குப் புதுமண் பூசிச் செம்மண் தீற்றினார்கள். பழைய அடுப்பை இடித்துப் புது அடுப்பு போட்டார்கள். தரையைச் சாணம் போட்டு மெழுகினார்கள். வாசலில் கல்யாணத்துக்குப் போடுவதுபோல் கோலம் போட்டார்கள். ஆட்டு வாடையே இருக்கக் கூடாது என்று தாயாடுகளையும் ஐந்து குட்டிகளையும் வீட்டுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்து ஒளித்து வைத்தார்கள். ராங்கி நிறைசினை. அதைச் செவ்வந்தி தன் வீட்டுக்குள் கட்டிப்போட்டு, கதவுக்கு அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்தாள்.

அதிகாரி வைத்தியலிங்கம் ஜீப்பை ரோட்டில் விட்டுவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வாய்க்காலைக் கடந்து வந்தார். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. ஒரு பக்கம் துரைராசுவும் ஐயாவு என்கிற அவர் வண்டிக்காரனும் நின்றார்கள். இன்னொரு பக்கம் தெருவே திரண்டு நின்றது. அதிகாரி குடிசையை ஒருமுறை சுற்றி வந்தார். சுவரில் விரலை வைத்தார். விரலோடு ஈரமண் வந்தது. கூரையை நிமிர்ந்து பார்த்தார். பச்சைக் கீற்றின் வாசனை அடித்தது.

"ஏம்மா, இது நேத்துக் கட்டின வீடு மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். துரைராசு மீசையைத் தடவினார். செவ்வந்தி பக்கத்திலிருந்தவளின் தோளுக்குப் பின்னால் மறைந்தாள். பதினாறு வருஷப் புகையையும் கரியையும் வழித்தெடுத்துச் சாட்சியில்லாமல் ஆக்கிவிட்டோம் என்று எல்லோருக்கும் அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அம்சத்துக்கும் உறைத்தது. ஆகவே, அவள் சிரித்தாள்.

"என்னம்மா சிரிக்கிற?"

"இல்லீங்க ஐயா." மறுபடி சிரிப்பு. "பயமா இருக்குங்க." அதற்குமேல் பேச முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காத்தான் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தான். "அவ அப்படித்தாங்க. தாலி கட்டுறப்பவும் இப்படித்தாங்க." அது ஏன் இங்கே என்று அவனுக்கே தெரியவில்லை.

"நீங்க பதினாறு வருஷம்ங்கிறீங்க. அவரு ஒரு வருஷம்ங்கிறாரு" என்றார் அதிகாரி. "ஒங்க தெருக்காரங்க ஒங்களுக்குத்தான் சாட்சி சொல்லுவாங்க. அவரு ஆளுங்க அவருக்குச் சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் இல்லாத ஒரு சாட்சி எனக்கு வேணும். இருக்கா?"

அதிகாரி பேனாவை மூடப் போனார். அப்போது செவ்வந்தி வீட்டுப் பக்கம் தடால் என்று ஒரு சத்தம். அம்மிக்குழவி உருண்டது, கதவு திறந்தது. கழுத்தில் அறுந்த கயிற்றோடு, வயிறு இரண்டு பக்கமும் ஆட, ராங்கி வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை, ராங்கி என்றைக்கு ஓடினாள்? அதிகாரியைத் தாண்டி, மிராசுதாரைத் தாண்டி, கோலத்தை மிதித்துக்கொண்டு நேரே குடிசைக்குள் போனாள். அடுப்புக்குப் பின்னால், வடகிழக்கு மூலையில் தன் வழக்கமான இடத்தில், மெழுகிய தரையைக் காலால் பிறாண்டிவிட்டுப் படுத்தாள். பிறகு ஒரு முனகல்.

அம்சத்தின் சிரிப்பு சட்டென்று நின்றது. அவளுக்கு மனை மறந்தது, சட்டம் மறந்தது. "வைக்கோலு! ஏ செவ்வந்தி, மஞ்சத்தூளு! வெந்நி வையுங்கடி!" என்று அதட்டிக்கொண்டே உள்ளே பாய்ந்தாள். "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்று அவள் சொன்னது அரசாங்க அதிகாரியிடம் என்பது அப்புறம் மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவர் மரியாதையாகத் தள்ளி நின்றார். அதன் பிறகு வேறு எங்கும் நகரவும் இல்லை.

முதல் குட்டி வந்தது. அம்சம் வழித்து, ஆட்டி, தும்மல் வாங்கினாள். பெட்டை. தெரு மொத்தமும் வாசலில் அடைத்துக்கொண்டு "பெட்டை, பெட்டை" என்றது. ராங்கி மறுபடி முக்கினாள். இரண்டாவதும் பெட்டை. அந்தச் சீமையில் செம்மறி இரட்டை ஈனுவதே அபூர்வம். இதற்குள் தாயைக் காணாத மற்றக் குட்டிகளுக்கு ராங்கியின் குரல் கேட்டுவிட்டது. வீட்டுக்கு வீடு கத்தல் கிளம்பியது. ஒரு பஞ்சாரக் கூடை தானாகத் தெருவில் நகர்ந்து வந்தது. உள்ளே இரண்டு குட்டிகள் இருந்தன. யாரோ ஒருத்தியின் முந்தானைக்குள்ளிருந்து ஒன்று குதித்து அதிகாரியின் காலுக்கு நடுவே புகுந்து ஓடியது. இன்னொன்று அவர் கீழே வைத்திருந்த செருப்பின் வாரைப் பால்காம்பென்று நினைத்துச் சப்பியது. அம்சம் நிமிரவேயில்லை. "இருடி, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் ராங்கியிடம். இருந்தது. மூன்றாவது, கோழிக்குஞ்சு அளவுக்கு, மூச்சில்லாமல் விழுந்தது. அவள் அதைத் தூக்கிச் சுற்றினாள், மூக்கில் வாய்வைத்து ஊதினாள், விலாவைத் தேய்த்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒரு தும்மல். சின்னத் தும்மல்தான், ஆனால் தெருவே கூச்சல் போட்டது. அதிகாரி தன்னையும் அறியாமல் கை தட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அதுவும் பெட்டைங்க" என்றாள் அம்சம்.

ஓர் ஈற்றில் மூன்று பெட்டைகள். வளர்ந்தால் ஒரு மந்தை. துரைராசுவால் பொறுக்க முடியவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

"சார், ஒண்ணு சொல்லிப்புடுறேன். இது என் ஆடு" என்று முன்னால் வந்தார். "மூணு குட்டியும் என்னுது. இவ ஏமாத்தி வெச்சிருக்கா."

அம்சத்துக்குச் சுருக்கென்றது. "காதுகுத்துல..." என்று தொடங்கினாள்.

"நீ சும்மா இரு. சார், தலையீத்து ஆட்டுக்காரனுக்கு. ஊரு மொறை. இது தலையீத்து. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதே குடிசை, இதே அடுப்புக்குப் பின்னால, இதே மூலையிலதான் பொறந்துச்சு. இவதான் குட்டிய எடுத்தா. நானே வாசல்ல நின்னு பாத்தேன். எங்க குலசாமி வீரனார் மேல ஆணை."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இதே குடிசையிலயா?"

"இதே குடிசைதான் சார். நெத்தியில அப்பவே வெள்ளை இருந்துச்சு."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"சந்தேகமா இருந்தா பல்லப் பாருங்க!" துரைராசு குனிந்து ராங்கியின் கீழுதட்டைப் பிதுக்கிக் காட்டினார். அவரும் ஆடு மாடு பார்த்துப் பழகிய மனிதர். அந்தப் பெருமையை விடவில்லை. "எட்டுப் பல்லும் முளைச்சு நெறைஞ்சாச்சு. அஞ்சு வருஷத்துக்குக் கொறையாது. பல்லு பொய் சொல்லாது சார்."

அதிகாரி எழுத ஆரம்பித்தார். பேனா ஓடிய சத்தத்தில்தான் துரைராசுவுக்கு எதுவோ தட்டுப்பட்டது. அவர் ராங்கியின் உதட்டை மெதுவாக விட்டார். ஐயாவு தொண்டையைக் கனைத்தான். தெருக்காரர்களில் ஒருவர்பின் ஒருவராக விஷயம் புரிய, முதலில் ஒரு குசுகுசுப்பு, பிறகு ஒரு கிளுகிளுப்பு.

"அதாவது சார்," துரைராசு பின்வாங்கினார், "ஆடுன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இது வேற ஆடாக்கூட இருக்கலாம்..."

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அம்சத்தைப் பார்த்தார். "ஏம்மா, இந்த ஆடு அவருதா, இல்லையா?"

அம்சம் வாயைத் திறந்தாள். ஐந்து வருஷமாக ராங்கி என் ஆடு, என் ஆடு என்று தோப்பைப் பார்த்து முணுமுணுத்தவள் அவள். அவருடையது இல்லை என்று இப்போது சொன்னால் அது உண்மை. ஆனால் அப்போது அவர் சொன்ன பிறந்த கதையும் அவரோடு பின்வாங்கிப் போய்விடும். அந்த மூலையும் போய்விடும், வீடும் போய்விடும். ராங்கி அவள் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு அசைபோட்டாள். எனக்கென்ன என்பதுபோல. அம்சம் ராங்கியின் நெற்றியை ஒருமுறை தடவினாள். பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொடுத்தபோதுகூட இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"அவருதுதாங்க" என்றாள்.

"அக்கா!" என்று கத்தினாள் செவ்வந்தி.

"ஐயா சொன்னது சத்தியம். அவரு ஆடு, இங்கதான் பொறந்துச்சு, இந்த மூலையிலதான். ஐயாதான் வாசல்ல நின்னு பாத்தாரு. வீரனார் மேல ஆணை வெச்சிருக்காரு, மாறுவாரா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். மூன்று குட்டிகளையும் வாரி எடுத்தாள். ஈரமும் கோழையுமாக, ரத்தமும் மஞ்சளுமாக, மூன்றையும் மிராசுதாரின் கைகளில் வைத்தாள். ஒன்று நழுவி அவர் கரை வேட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கையில் மூன்று குட்டியை வைத்துக்கொண்டு, சுற்றி ஊரே நிற்க, குலசாமி பெயரையும் சொல்லிவிட்டு, என்னுடையது இல்லை என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? ஒரு குட்டி துரைராசுவின் சட்டைப் பொத்தானைச் சப்பத் தொடங்கியது.

அதிகாரி எழுதியதைப் படித்துக் காட்டினார். ஐந்து வருஷத்துக்கு முன்பே இந்த இடத்தில் இவள் அடுப்பு வைத்துக் குடியிருந்ததை எதிர்மனுதாரரே சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தார். துரைராசுவுக்குக் கையெழுத்துப் போடக் கை இல்லை; ஐயாவு குட்டிகளை வாங்கிக்கொண்டான். காத்தான் கீழே விழுந்து கும்பிடப் போக, அதிகாரி தடுத்தார். "அதெல்லாம் வேண்டாம்யா. என் செருப்பக் கொஞ்சம் தேடிக் குடுங்க." ஒரு செருப்பு கிடைத்தது. இன்னொன்றை ஒரு குட்டி இழுத்துக்கொண்டு போய்க் கூடைக்குள் வைத்திருந்தது.

ராங்கியையும் மூன்று குட்டிகளையும் ஐயாவு மிராசுதார் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். எல்லோரும் போன பிறகு, மத்தியானத்துக்குமேல், குடிசை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. பட்டா வரப்போகிறது, இனி யாரும் அசைக்க முடியாது. அம்சம் புது அடுப்பில் உலை வைத்தாள். வடகிழக்கு மூலையில் வைக்கோல் ஈரமாகக் கிடந்தது. அதை அள்ளிப் போட மனம் வரவில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம், மிராசுதார் வீட்டுப் பக்கமிருந்து குட்டிகள் கத்துகிற சத்தம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று குரலை எண்ணினாள். மூன்றாவது குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

"பால் குடிக்கல" என்றாள்.

"போவாத புள்ள" என்றான் காத்தான். "அவரு ஆடுன்னு நீயே சொல்லிட்ட."

"நான் எங்க போறேன்?" என்று சொல்லிவிட்டுத் தன் கைகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து மிராசுதாரின் மனைவி பிரகதாம்பாள் ஆட்டை ஏசுகிற சத்தம் கேட்டது. பெரிய வீட்டு ஏச்சு. சுத்தமாக, அளவாக, உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அதைத் தொடர்ந்து ஒரு பாத்திரம் உருண்டது, ஓர் "ஐயோ!" கேட்டது. பிறகு துரைராசுவே ஏசுவது கேட்டது. மறுபடி ஓர் "ஐயோ!" கேட்டது, இந்த முறை ஆண்குரலில். காத்தான் வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டான்.

பொழுது சாயும் நேரத்தில் தோப்பு வழியாக ஐயாவு வந்தான். தலையில் கூடை, கூடைக்குள் மூன்று குட்டிகள். கையில் கயிறு, கயிற்றின் முனையில் ராங்கி. அவன் இழுத்துக்கொண்டு வருகிறானா அது அவனை இழுத்துக்கொண்டு வருகிறதா என்று தெரியவில்லை. அவன் நொண்டினான்.

அம்சம் வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "என்னா ஐயாவு, ஆட்ட ஓட்டிக்கிட்டு எங்க போற?"

"இங்கதான் அக்கா. உசுரு போவுதுக்கா குட்டிங்களுக்கு. ஆரையும் கிட்ட விடமாட்டேங்குது. ஆச்சி கால ஒதைச்சிடுச்சு, ஐயா முட்டிய ஒதைச்சிடுச்சு, எனக்கு ரெண்டு காலும் போச்சு. வழக்கம்போல வாரத்துக்கே வெச்சுக்கச் சொன்னாரு. அடுத்த ஈத்து ஒனக்கு."

"இங்கன்னா எங்க? ஒங்கையா என்னா சொன்னாரு?"

"ஆட்டக் கொண்டுபோயி விட்டுட்டு வான்னாரு."

"எங்க விடச் சொன்னாரு? அவரு சொன்னபடியே சொல்லு."

ஐயாவு கூடையை இறக்கிவைத்து யோசித்தான். "'அம்சம் வீட்டுல விட்டுட்டு வாடா'ன்னாரு."

"இன்னொரு தடவ சொல்லு."

"அம்சம் வீட்டுலன்னுதான்க்கா சொன்னாரு. ஏன், என்னா?"

அம்சம் மூன்று குட்டிகளையும் மடியில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ராங்கி யாரும் கூப்பிடாமலே மூலைக்குப் போய், ஈர வைக்கோலில் நின்றாள். அம்சம் உப்புத் தண்ணீர் கலந்தாள். சின்னக் குட்டியின் முதுகில் முதலில் தடவினாள். ராங்கியின் தலையை முழங்காலுக்குள் இடுக்கினாள். "வந்துட்டியாடி சீமாட்டி? மாடி வீடு பிடிக்கலையா? மிராசுதார ஒதைச்சியாமே, எந்தக் காலால ஒதைச்ச?" என்று ஏச ஆரம்பித்தாள். ராங்கி நக்கினாள். மடி இறங்கியது. சின்னது காம்பைப் பற்றியது. வால் படபடவென்று ஆடியது.

அந்த வாலைப் பார்த்துத்தான் அம்சத்துக்குச் சிரிப்பு வந்தது. குபுக்கென்று கிளம்பி, கூரையில் முட்டி, தோப்புவரைக்கும் போனது. வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த காத்தானுக்குக் கேட்டது. சேறோடு ஓடிவந்து வாசலில் மூச்சு வாங்க நின்றான்.

"யாரு வந்தா? எவன் வந்தான்?"

"யாரும் வரல" என்றாள் அம்சம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சும்மாதான் சிரிக்கிறேன்."